சுற்றும் தட்டா, சுற்றாத சில்லா: சின்ன அலுவலக சர்வருக்கு எதை வாங்குவது?

மேஜைமேல் மூன்று கொட்டேஷன் கிடக்கின்றன. முதலாவதில் நான்கு 4 டெராபைட் ஹார்டு டிஸ்க், ரெய்டு 5 (பல டிஸ்க்கைச் சேர்த்து, ஒன்று போனாலும் தரவு தப்பும்படி வைக்கும் முறைதான் ரெய்டு). இரண்டாவதில் இரண்டு 1.92 டெராபைட் எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாமல் சில்லில் எழுதும் டிஸ்க், ரெய்டு 1 (ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும்). மூன்றாவது, சர்வரே வேண்டாம், நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர நாலு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி ஒன்று போதும் என்கிறது. முதல் இரண்டுக்கும் தொகையில் பெரிய வித்தியாசமில்லை. முதலாளியின் கண் நேரே கொள்ளளவுக்குப் போகிறது. ஒன்றில் 12 டெராபைட், இன்னொன்றில் 2 கூட முழுசாக இல்லை. இதே காசுக்கு ஆறு மடங்கு இடம் கிடைக்கும்போது குறைவானதை ஏன் வாங்க வேண்டும் என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான்.

சின்ன அலுவலகங்களுக்கு சர்வர் அமைத்துக் கொடுப்பது என் வேலை. இந்தக் காட்சியைப் பலமுறை பார்த்துவிட்டேன். பத்துப் பதினைந்து பேர், ஒரு கணக்கு மென்பொருள், அதற்குப் பின்னால் ஒரு டேட்டாபேஸ், ஸ்கேன் செய்த பில்களும் வரைபடங்களும் குவிந்த ஒரு பொது ஃபோல்டர், ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிபோல ஓடும் இரண்டு மூன்று விர்ச்சுவல் மெஷின். இந்த அளவு அலுவலகத்தை மனத்தில் வைத்துத்தான் எழுதுகிறேன். நூறு பேர் இருக்கும் இடத்துக்கு இதில் பாதி பொருந்தாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கொட்டேஷனை எடுத்து, அதில் ஒரு சின்னத் திருத்தம் செய்து வாங்குங்கள். மிச்சக் காசு இருந்தால் மூன்றாவதில் இருக்கும் நாஸையும் வேறொரு வேலைக்கு வாங்குங்கள். முதலாவதைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

எண்பது என்ற எண்

ஹார்டு டிஸ்க்கின் விளம்பரத்தில் நொடிக்கு 200 மெகாபைட், 250 மெகாபைட் என்று போட்டிருப்பார்கள். பொய்யில்லை. ஒரு பெரிய வீடியோவை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் படித்தால் அந்த வேகம் வரும். கணக்கு மென்பொருள் அப்படிப் படிப்பதில்லை. ஒரு பில்லைத் திறந்தால் வாடிக்கையாளர் விவரம் ஓரிடத்தில், சரக்கு இருப்பு இன்னோரிடத்தில், வரி விவரம் வேறோரிடத்தில் என்று டிஸ்க் முழுக்கத் தாவித் தாவிச் சின்னச் சின்னத் துண்டுகளாக எடுக்கும்.

ஒவ்வொரு தாவலுக்கும் டிஸ்க்கின் ஊசி இடம் மாற வேண்டும். அதற்கு ஏறக்குறைய 8 மில்லிநொடி. அப்புறம் வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 8.33 மில்லிநொடி எடுக்கும். சராசரியாகப் பாதிச் சுற்று, அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். இரண்டையும் கூட்டினால் 12 மில்லிநொடி. ஆக, நொடிக்கு எண்பது தாவல், கொஞ்சம் முன்பின். டிஸ்க் 1 டெராபைட்டாக இருந்தாலும் 20 டெராபைட்டாக இருந்தாலும் இந்த எண் பெரிதாக மாறாது. இது இயந்திரத்தின் எல்லை.

ஒரு தாவலுக்கு 8 கிலோபைட் எடுத்தால், எண்பது தாவலுக்கு 640 கிலோபைட். 250 மெகாபைட் என்று அட்டைப்பெட்டியில் போட்ட அதே டிஸ்க்தான். விர்ச்சுவல் மெஷின்கள் சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். ஒவ்வொன்றும் தன் பங்குக்கு வெவ்வேறு மூலைக்கு ஊசியை இழுக்கும். காலை பத்து மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும்போது திரையில் வட்டம் சுற்றுகிறதே, அது இதுதான்.

எஸ்எஸ்டியில் ஊசியும் இல்லை, சுற்றும் இல்லை. சாட்டா என்ற பழைய இணைப்பில் செருகும் சாதாரண எஸ்எஸ்டிகூட நொடிக்குப் பல்லாயிரம் தாவல்களை அநாயாசமாகச் செய்யும். எண்பதுக்கும் பல்லாயிரத்துக்கும் உள்ள தூரத்தை எத்தனை ஹார்டு டிஸ்க் அடுக்கினாலும் சின்ன அலுவலகத்தால் தாண்ட முடியாது.

நான்கு வாங்கினால் ஒன்றின் வேகம்

முதல் கொட்டேஷனின் ரெய்டு 5 இந்தச் சிக்கலை இன்னும் கூட்டுகிறது. அதில் தரவோடு, ஒரு டிஸ்க் போனால் மீட்க உதவும் பாரிட்டி என்ற கணக்கும் எழுதப்படும். ஒரு சின்னத் துண்டை மாற்றி எழுத நான்கு வேலை நடக்க வேண்டும்: பழைய தரவைப் படி, பழைய பாரிட்டியைப் படி, புதிய தரவை எழுது, புதிய பாரிட்டியை எழுது. நான்கு டிஸ்க்கும் சேர்ந்து நொடிக்கு 320 தாவல் தரும். எழுதும்போது அதை நான்கால் வகுத்தால் மறுபடியும் எண்பது. நான்கு டிஸ்க் வாங்கி, ஒரு டிஸ்க்கின் எழுதும் வேகம். பாரிட்டியை இரட்டிப்பாக வைக்கும் ரெய்டு 6-இல் ஆறால் வகுக்க வேண்டும். பாரிட்டிக்குப் பதில் நகல் வைக்கும் ரெய்டு 10-இல் இரண்டால் வகுத்தால் போதும், 160 வரும். ஆனால் 12 டெராபைட் 8 ஆகிவிடும். ரெய்டை நடத்தும் கன்ட்ரோலர் கார்டில் இருக்கும் கேஷ் என்ற தற்காலிக நினைவகம் இந்த வலியைக் கொஞ்சம் மறைக்கும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ரெய்டு என்ற யோசனை 1988-இல் பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. அவர்கள் மனத்தில் இருந்தவை நூறு மெகாபைட் அளவுள்ள மலிவு டிஸ்க்குகள். அப்போது ஒன்று செத்தால் புதிதில் மறுபடி நிரப்புவது சீக்கிரம் முடிந்துவிடும் வேலை. இன்றைக்கு 16 டெராபைட் டிஸ்க் ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் நிரப்பினாலும் 22 மணி நேரம் ஆகும். அலுவலகம் நடந்துகொண்டிருக்கும்போது செய்தால் பல நாள். அத்தனை நேரமும் மிச்ச டிஸ்க்குகள் முழுவீச்சில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், ஒன்றுகூட மக்கர் பண்ணக் கூடாது.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. பல சாதாரண டிஸ்க்குகளின் விவரத்தாளில், ஒரு கோடிக் கோடி பிட் படித்தால் ஒன்று படிக்க முடியாமல் போகலாம் என்று போட்டிருக்கும். அது 12.5 டெராபைட். நம் முதல் கொட்டேஷனில் ஒரு டிஸ்க் போனால், மிச்சம் மூன்றிலிருந்தும் 12 டெராபைட்டைப் பிழையில்லாமல் படித்தாக வேண்டும். விவரத்தாளை அப்படியே நம்பினால் தேறுவது தேறாதது கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவது மாதிரி. உண்மையில் பெரும்பாலான டிஸ்க்குகள் தாளில் உள்ளதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன, ரெய்டு 5 செத்துவிட்டது என்று கத்துபவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். ஆனாலும் சர்வருக்கென்று செய்த டிஸ்க்கில் இந்த எல்லை பத்து மடங்கு தள்ளி இருக்கிறது. அதை வாங்குங்கள்.

ஹார்டு டிஸ்க் வாங்கும்போது இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும்: அது எஸ்எம்ஆர் வகையா? ஓட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருப்பதுபோல இந்த வகையில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். நடுவில் இருக்கும் ஓடு ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் கிளப்பித் திரும்ப வைக்க வேண்டும் அல்லவா, அதே பாடுதான் இங்கேயும். ரெய்டில் மறுபடி நிரப்பும்போது இவை அப்படியே படுத்துவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில், நாஸுக்கென்றே விற்ற சில மாடல்கள் சொல்லாமல் கொள்ளாமல் எஸ்எம்ஆராக மாறியிருந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. அதற்குப் பிறகுதான் பழைய வகையை ரெட் பிளஸ் என்று தனியாகப் பெயர் போட்டு விற்க ஆரம்பித்தார்கள். மாடல் எண்ணைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

திருத்தம்

இவ்வளவு திட்டிய பிறகும் ஹார்டு டிஸ்க்கை நான் ஒதுக்கவில்லை. பொது ஃபோல்டரில் இருக்கும் வரைபடம், ஸ்கேன், புகைப்படம் எல்லாம் பெரிய கோப்புகள். அவற்றை ஊழியர் திறக்கும்போது அது நெட்வொர்க் வழியாகத்தான் வர வேண்டும். ஜிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 110 மெகாபைட் சொச்சம்தான் பாயும். ஒற்றை ஹார்டு டிஸ்க்கே அதைவிட வேகமாகத் தரும். வாய்க்கால் இவ்வளவுதான் என்றால் ஏரியைப் பெரிதாக வெட்டி என்ன பயன்?

ஆகவே இரண்டாவது கொட்டேஷனில் நான் செய்யும் திருத்தம் இது: டேட்டாபேஸும் விர்ச்சுவல் மெஷின்களும் இரண்டு எஸ்எஸ்டியில், ரெய்டு 1. பொது ஃபோல்டர் இரண்டு பெரிய ஹார்டு டிஸ்க்கில், அதுவும் ரெய்டு 1. பெரும்பாலான சின்ன அலுவலகங்களில் டேட்டாபேஸ் மொத்தமே 100 ஜிகாபைட்டைத் தாண்டாது. இடத்தைத் தின்பது பழைய ஸ்கேன்களும், யாரோ ஒருவர் தன் போன் புகைப்படங்களையெல்லாம் கொட்டி வைத்த ஃபோல்டரும்தான். இரண்டையும் ஒரே டிஸ்க் வரிசையில் போட்டால் வேகம் வேண்டியதற்கு வேகம் கிடைக்காது, இடம் வேண்டியதற்குக் காசு வீண். ரெய்டு 1-இல் இன்னொரு நிம்மதி, ஒன்று போனால் மற்றதிலிருந்து நேரடி நகல்தான். பாரிட்டிக் கணக்கு எதுவும் இல்லை.

எந்த எஸ்எஸ்டி

இங்கேதான் ஏமாறுகிறார்கள். லேப்டாப்பில் போடும் எஸ்எஸ்டியையே சர்வரிலும் போட்டால் என்ன, விலை பாதிதானே என்று கேட்பார்கள். விற்பவர் பதிலுக்கு ஆயுளைக் காட்டிப் பயமுறுத்துவார்: சாதாரண 2 டெராபைட் எஸ்எஸ்டிக்கு 1,200 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம், சர்வர் வகை 1.92 டெராபைட்டுக்கு ஐந்து ஆண்டு தினமும் முழு டிஸ்க்கையும் ஒருமுறை எழுதலாம், அதாவது 3,500 டெராபைட். எண்கள் சரி. ஆனால் பதினைந்து பேர் அலுவலகம் ஒரு நாளைக்கு 50 ஜிகாபைட் எழுதினாலே பெரிது. ஆண்டுக்கு 18 டெராபைட். 1,200-ஐ எட்ட அறுபது ஆண்டுக்கு மேல் ஆகும். ஆயுளுக்காக சர்வர் வகை வாங்க வேண்டியதில்லை. தினமும் மூன்று முறை எழுதலாம் என்ற உயர்ரகமெல்லாம் நமக்குத் தண்டம்.

வாங்க வேண்டிய காரணம் வேறு. சர்வர் வகை எஸ்எஸ்டிக்குள் சின்னச் சின்னக் கபாசிட்டர்கள் இருக்கும். மின்சாரம் போன நொடியில், நினைவகத்தில் நிற்கும் தரவைச் சில்லில் எழுதி முடிக்கும் அளவுக்கு அவை சக்தி தரும். டேட்டாபேஸ் ஒவ்வொரு பில்லையும் சேமித்தவுடன் டிஸ்க்கைப் பார்த்து, "நிஜமாகவே எழுதிவிட்டாயா?" என்று கேட்கும், பதில் வரும்வரை நகராது. கபாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி தைரியமாக உடனே ஆமாம் என்று சொல்லலாம். இல்லாதது நிஜமாக எழுதி முடித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் பல சாதாரண மாடல்களின் வேகம் பல்லாயிரத்திலிருந்து சில நூறுகளுக்கு விழுந்துவிடுகிறது. பெட்டிமேல் போட்ட வேகத்தை நம்பி வாங்கியவர், "எஸ்எஸ்டி போட்டும் ஸ்லோவாகத்தான் இருக்கிறது" என்பார். மின்தடைப் பாதுகாப்பு உண்டா என்று விவரத்தாளில் தேடுங்கள். மற்ற எல்லா வரிகளையும்விட அதற்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

சாட்டாவா, அதைவிட வேகமான என்விஎம்இ இணைப்பா என்ற சண்டையில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. சாட்டா நொடிக்கு 550 மெகாபைட்டில் நின்றுவிடும், நான்காம் தலைமுறை என்விஎம்இ 7,000 வரை போகும். பதினைந்து பேரால் அந்த வித்தியாசத்தை உணர முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மதர்போர்டில் படுக்கையாகச் செருகும் எம்.2 வகையை சர்வரை அணைத்து, மூடியைத் திறந்துதான் மாற்ற முடியும். முன்பக்கத் தட்டில் இழுத்து மாற்றும் வகை கிடைத்தால், அது எந்த இனமாக இருந்தாலும் சரி, அதையே எடுங்கள். சாஸ் என்ற சர்வர் இணைப்பில் ஓடும், நிமிடத்துக்கு 15,000 முறை சுற்றும் ஹார்டு டிஸ்க்கை இன்னும் யாராவது கொட்டேஷனில் போட்டால், கிடங்கில் தேங்கியதைத் தள்ளப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

எஸ்எஸ்டி என்றால் சாகாது என்றும் நினைக்க வேண்டாம். 2019-இல் சர்வர் விற்கும் எச்பிஇ நிறுவனமே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது: அவர்கள் விற்ற சில சாஸ் எஸ்எஸ்டிகள், அவற்றுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருளில் இருந்த பிழையால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும். மூன்று ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ரெய்டு 1-இல் போட்ட இரண்டையும் ஒரே நாளில்தானே ஆன் செய்திருப்போம்? இரண்டும் ஒரே நேரத்தில் போயிருக்கும். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தவர்கள் தப்பினார்கள். அன்றிலிருந்து ஜோடியில் ஒன்றை வேறு மாடலாகவோ, குறைந்தபட்சம் வேறு தொகுப்பிலிருந்தோ வாங்கச் சொல்கிறேன்.

ரெய்டை யார் கையில் கொடுப்பது

கன்ட்ரோலர் கார்டின் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தில் கணக்கு மென்பொருள் திடீரென்று நத்தையாகிவிட்டது. மென்பொருள்காரரைத் திட்டினோம், நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினோம். இரண்டு நாள் போன பிறகுதான் தெரிந்தது: ரெய்டு கார்டின் கேஷுக்குத் துணையாக இருந்த பேட்டரி செத்துவிட்டது. பேட்டரி இல்லாவிட்டால் கேஷில் நிற்கும் தரவுக்குப் பாதுகாப்பில்லை என்பதால் கார்டு தானாகவே கேஷை ஓரங்கட்டி, எல்லாவற்றையும் நேராக ஹார்டு டிஸ்க்குக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. அது செய்தது சரிதான். அதைச் சொல்லும் எச்சரிக்கை மெயில், வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த முகவரியைப் போட்டவன் நான்தான்.

கார்டே போனால் அதே குடும்பத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும். லினக்ஸில் மென்பொருள் ரெய்டு போட்டிருந்தால், டிஸ்க்குகளைக் கழற்றி எந்தக் கணினியில் செருகினாலும் எழுந்துவிடும். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமை இன்னும் ஒருபடி மேலே, படிக்கும் ஒவ்வொரு துண்டையும் சரிபார்த்து, ஒரு டிஸ்க்கில் கெட்டுப் போயிருந்தால் மற்றதிலிருந்து எடுத்துச் சரிசெய்துவிடும். அதற்கு ரெய்டு கார்டு கூடாது, டிஸ்க்குகளை நேராகக் காட்டும் சாதா கார்டு போதும். கபாசிட்டர் உள்ள எஸ்எஸ்டி இருக்கும்போது கேஷ் கார்டுக்கான தேவையும் பாதி போய்விடுகிறது.

ஆனால் அலுவலகத்தில் விண்டோஸ் சர்வர் மட்டும்தான் தெரியும், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வருபவருக்கும் லினக்ஸ் தெரியாது என்றால், கார்டே நல்லது. செத்த டிஸ்க்கில் சிவப்பு விளக்கு எரியும். பார்த்து இழுத்து மாற்றிவிடலாம். மதர்போர்டிலேயே ரெய்டு உண்டு என்று சொல்லி வருவதை மட்டும் தொடாதீர்கள். அதில் கார்டின் வசதியும் கிடையாது, மென்பொருள் ரெய்டின் சுதந்திரமும் கிடையாது.

நாஸ் பெட்டியும் பேக்கப்பும்

டேட்டாபேஸ் எதுவும் இல்லாத, கோப்புகளை மட்டும் பகிரும் அலுவலகத்துக்கு மூன்றாவது கொட்டேஷன்தான் சரி. சர்வர் வேண்டாம். நம் அலுவலகத்தில் டேட்டாபேஸ் இருக்கிறது. அதை நாஸின் பகிர்வு ஃபோல்டரில் வைத்து ஓட்டினால் வேகமும் கெடும், ஒருநாள் கோப்பும் கெடும். எனவே நாஸை பேக்கப் எடுக்கும் இடமாக வையுங்கள். வாங்குமுன் எந்தெந்த டிஸ்க்கை அது ஏற்கும் என்ற பட்டியலைப் பாருங்கள். 2025-இல் நாஸ் தயாரிக்கும் சைனாலஜி தன் சில புதிய மாடல்களில் சொந்தப் பெயர் டிஸ்க்குகளையே கட்டாயமாக்கி, எதிர்ப்புக்குப் பிறகு அதே ஆண்டில் தளர்த்தியது. வீட்டிலிருந்து பார்க்க வசதி என்று நாஸை நேராக இணையத்தில் திறந்துவிடாதீர்கள். 2022 ஜனவரியில் கியூநாப் நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளைக் குறிவைத்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் டெட்போல்ட் என்ற தீநிரல் அப்படித் திறந்து கிடந்தவற்றில்தான் புகுந்தது.

ரெய்டு இருக்கிறதே, பேக்கப் எதற்கு என்ற கேள்வி இன்னும் வருகிறது. ஒருவர் தவறுதலாக ஃபோல்டரை அழித்தால் ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் ஒழுங்காக அழிக்கும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து வழி வைத்திருந்தார்கள், அவசரத்துக்கு ஒன்றும் ஒழுங்காக உதவவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஒரு நகல் காப்பாற்றியது. ஊரறிந்த மென்பொருள் நிறுவனத்துக்கே அந்த நிலை.

நாஸில் ஒரு நகல், அலுவலகத்துக்கு வெளியே போகும் இன்னொரு நகல். வெளியே போவதற்கு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க் இரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதும். இதற்கு எஸ்எஸ்டி வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கிடக்கும் எஸ்எஸ்டி தரவை மெல்ல மறக்கும். ஆயுள் முடியும் தறுவாயில் உள்ள சர்வர் வகைக்கு சில்லுத் துறைக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பு கேட்பதே 40 டிகிரியில் மூன்று மாதம்தான். கிளவுடில் வைப்பதும் நல்லதுதான், ஆனால் திரும்ப இறக்க எவ்வளவு நேரமாகும் என்று ஒருமுறை வகுத்துப் பாருங்கள். 100 மெகாபிட் இணைப்பில் 2 டெராபைட் இறங்க 44 மணி நேரம். இரண்டு நாள் கடையை மூட முடியுமா என்று முதலாளியிடம் கேளுங்கள்.

பெட்டி வந்த அன்று

டேட்டாவை ஏற்றுமுன், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை வெளியே இழுங்கள். மென்பொருள் தொடர்ந்து ஓடுகிறதா, எச்சரிக்கை மெயில் வருகிறதா, யாருக்கு வருகிறது என்று பாருங்கள். திரும்பச் செருகி, மறுபடி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தட்டில் எந்த வரிசை எண் என்று வெளியே தெரியும்படி லேபிள் ஒட்டுங்கள். செத்ததை விட்டுவிட்டு நல்லதை இழுத்தவர்கள் நிறைய. யுபிஎஸ்ஸின் யுஎஸ்பி வயரையும் சர்வரில் செருகுங்கள், இல்லாவிட்டால் பேட்டரி தீரப்போவது சர்வருக்குத் தெரியாது, தானாக அணையாது. இரண்டு வகையிலும் ஒவ்வொரு டிஸ்க் கூடுதலாக வாங்கி, பிரிக்காமல் அலமாரியில் வைத்து, சாவி யாரிடம் இருக்கிறது என்று சர்வர் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.